துடுப்பு யார் கையில்? – டிராயிங் மாஸ்டர் பதில்கள்

சென்ற இதழில், 'வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடக்கிறார்' என்ற ஓவியத்தைப் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைப் படகில் கடந்து, ட்ரெண்டன் ஊரில் தங்கியிருந்த பிரிட்டிஷ் தரப்புப் படையை ஜார்ஜ் வாஷிங்டன் மடக்கிய கதை அது. எமானுவல் லாய்ட்சே 1851-இல் வரைந்தது. "அந்தப் படகை அப்புறம் வேறு சிலர் வேறு மாதிரி வரைந்திருக்கிறார்கள், அதுதான் சுவாரசியம்" என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க.

ஆடுகிற படகில் யாராவது எழுந்து நின்று போஸ் கொடுப்பார்களா சார்? படமே பொய்தானே?
– வாசகர், நாகப்பட்டினம்

நாகப்பட்டினத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உலகமே கிண்டல் செய்யும் அந்த ஒன்றுதான் படத்தில் ஓரளவு சரி. அன்று படைவீரர்களை ஏற்றிச் சென்றவை டர்ஹம் படகுகள். இரும்பும் தானியமும் ஏற்றுகிற, பக்கவாட்டுப் பலகை உயர்ந்த சரக்குப் படகுகள். உட்கார வசதி கிடையாது. ஏறியவர்கள் பெரும்பாலும் நின்றபடியேதான் போயிருப்பார்கள். லாய்ட்சே வரைந்த சின்னப் படகில் நின்றால் நீங்கள் சொல்கிற மாதிரி கவிழத்தான் செய்யும்.

பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. படத்தில் பறக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூன் 14-இல்தான் ஏற்கப்பட்டது. ஆற்றைக் கடந்து ஆறு மாதம் கழித்து. கடந்தது இரவில், படத்தில் விடிகிறது. ஆறும் டெலவேர் இல்லை. அவர் ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரில் இருந்து வரைந்தவர், அங்கே ஓடுவது ரைன். என் மகள் நியூஜெர்சியில் இருப்பதால் டெலவேர் கரைக்கே போய்ப் பார்த்தேன். கொள்ளிடக் கரையில் வளர்ந்தவனுக்கு "இவ்வளவுதானா?" என்றுதான் இருந்தது.

அமெரிக்க வீரத்தை ஜெர்மனியில் உட்கார்ந்து ஒருவர் ஏன் வரைய வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

நல்ல கேள்வி அம்மா. லாய்ட்சே 1816-இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே பிலடெல்பியாவுக்குக் குடிபோய், ஓவியம் கற்க ஜெர்மனிக்கே திரும்பியவர். 1848-இல் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் மக்கள் கிளர்ந்தார்கள், அரசர்கள் நசுக்கினார்கள். தோற்றுச் சோர்ந்து கிடந்த அந்தக் கிளர்ச்சிக்காரர்களிடம் "பாருங்கள், இதைவிட மோசமான நிலையிலிருந்து ஒரு கூட்டம் ஜெயித்திருக்கிறது" என்று காட்டத்தான் 1849-இல் இதைத் தொடங்கினார். அதாவது, இன்று எல்லோரும் கேள்வி கேட்கும் இந்தப் படம் பிறந்தபோது அதுவே ஒரு கலகக்காரப் படம்.

முதல் படம் 1850-இல் ஸ்டுடியோ தீயில் கருகி, பழுதுபார்க்கப்பட்டு, பிரெமன் நகர அருங்காட்சியகத்தில் இருந்தது. 1942-இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சில் அழிந்தது. (வாஷிங்டன் மேல் இருந்த பழைய கணக்கை இங்கிலாந்து அன்றுதான் தீர்த்தது என்று ஒரு ஜோக் உண்டு.) இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருப்பது இரண்டாவது. 12 அடிக்கு மேல் உயரம், 21 அடி அகலம். ட்ரெண்டனில் பிடிபட்டவர்களும் ஜெர்மானியர்கள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஹெஸ்ஸியன் படை. பின்னால் ஜெர்மன் கண்ணாடி பற்றி வரும் பதிலுக்கு இது வேண்டும்.

படகில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று நிதானமாகப் பாருங்கள். ஸ்காட்லாந்துத் தொப்பி போட்ட ஒருவர், வாஷிங்டனின் முழங்காலுக்குப் பக்கத்தில் துடுப்புப் போடும் கருப்பினத்தவர் ஒருவர், அகலத் தொப்பி அணிந்த விவசாயிகள், பூர்வகுடி உடையில் ஒருவர். அடிமை முறையை வெறுத்தவர் லாய்ட்சே. இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார். ஆனாலும் வெளிச்சம் விழுவது ஒரே முகத்தில். மற்றவர்கள் குனிந்திருக்கிறார்கள். கலகக்காரப் படம் எப்படிக் காலண்டர் படமாக ஆகிறது என்பதற்கான விடை அந்த வெளிச்சத்திலேயே இருக்கிறது.

படகில் பெண்ணே கிடையாதா?
– வாசகி, சேலம்

சிவப்புச் சட்டையில் ஒருவர் துடுப்புப் போடுகிறார். முகத்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பெண் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசைதான்.

இந்தப் படத்தை வைத்துப் பணக்காரப் பெருமையைக் கிண்டல் செய்த ஓவியம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சொல்ல முடியுமா ஐயா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், மன்னார்குடி

தாராளமாக. இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

கிராண்ட் வுட் என்ற அயோவா மாநிலத்து ஓவியர். பண்ணை வீட்டுக்கு முன்னால் கவைக்கோலோடு நிற்கும் கிழவரையும் பக்கத்தில் நிற்கும் பெண்ணையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1930-இல் அதை வரைந்தவர் இவர்தான். இவருடைய ஊரான சீடர் ராபிட்ஸில், போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுக் கட்டடம் எழும்பியது. அதற்கு 24 அடி உயர வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை வடிவமைக்கும் வேலை இவருக்கு வந்தது. விடுதலைப் போர் தொடங்கி முதல் உலகப் போர் வரை, ஆறு போர்களுக்கு ஆறு சிப்பாய்கள். அந்தக் கண்ணாடி வேலையில் கைதேர்ந்தவர்கள் மியூனிக்கில் இருந்தார்கள். 1928-இல் அங்கேயே போய் உடனிருந்து செய்து கொண்டு வந்தார்.

வந்ததும் ஆரம்பித்தது வம்பு. "அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்" என்று ஒரு சங்கம். 1890-இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேரடி வம்சாவளி என்று ஆவணத்தோடு நிரூபித்தால்தான் உறுப்பினராகலாம். அந்த அம்மணிகள், நேற்று வரை எதிரியாக இருந்த ஜெர்மனியில் செய்த கண்ணாடியை நம் வீரர்களுக்கு வைப்பதா என்று எதிர்த்தார்கள். சாளரத்தை முறைப்படி அர்ப்பணிக்கவே 1955 ஆயிற்று. வுட் 1942-இலேயே இறந்துவிட்டார்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. 1932-இல் 'புரட்சியின் புதல்விகள்' என்று ஒரு படம் போட்டார். 20 அங்குல உயரம், 40 அங்குல அகலம், அவ்வளவுதான். வயதான பெண்மணிகள் மூவர். இழுத்துச் சீவிய தலை, வழுவழுப்பான முகம், உதட்டோரத்தில் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஒரு புன்னகை. எலும்பு துருத்தும் ஒரு கை தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கோப்பையில் நீல வண்ணத்தில் சீனப் பாணி மரமும் மண்டபமும். சீனாவைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் செய்து விற்ற சரக்கு. இங்கிலாந்தை எதிர்த்துத் தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டித் தொடங்கிய போராட்டத்தின் வாரிசுகள் கையில் இங்கிலாந்துக் கோப்பை! பின்னால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது என்ன? நம்ம லாய்ட்சேயின் படகு.

ஜெர்மன் கண்ணாடி ஆகாது. ஆனால் ஜெர்மனியில், ஜெர்மனியில் பிறந்தவர், ஜெர்மன் ஆற்றைப் பார்த்து வரைந்த படத்துக்கு முன்னால் நின்று டீ குடிக்கலாம்!

ஒரு டிராயிங் மாஸ்டராக எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. படகு படம் பழுப்பு ஏறி, மங்கி, பின்னால் தள்ளிக் கிடக்கிறது. முன்னால் அந்த மூவரும் அசையாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். குளிரில் நனைந்து ஆற்றைக் கடந்தவன் யாரோ. சட்டம் போட்ட படத்துக்கு முன்னால் நின்று பெருமை பேசுகிறவர் யாரோ. பரம்பரை உரிமையை எதிர்த்து எழுந்த குடியரசுக்குள்ளேயே பிறப்பால் ஒரு மேல்தட்டை உண்டாக்கப் பார்க்கிறார்களே என்பதுதான் வுட்டின் எரிச்சல். இது அவருக்குப் புரிந்த மாதிரி, நம் வாசகர்களுக்கும் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

படத்தைச் சொந்தமாக வைத்திருந்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன் என்ற ஹாலிவுட் நடிகர். இப்போது சின்சினாட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் கதையும் அதோடு முடியவில்லை. 1939-இல் மரியன் ஆண்டர்சன் என்ற கருப்பினப் பாடகிக்குத் தங்கள் அரங்கத்தைத் தர மறுத்தார்கள். அதிபரின் மனைவி எலினார் ரூசவெல்ட் சங்கத்திலிருந்து விலகினார். ஆண்டர்சன் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் திறந்தவெளியில் பாடினார். 75,000 பேர் கேட்டார்கள். வுட் ஏழு வருஷம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ராபர்ட் கோல்ஸ்காட் வரைந்த படகைப் பார்த்தேன். கருப்பின மக்களையே கேவலப்படுத்துவது போல இருக்கிறது. இது எப்படி எதிர்ப்பு ஓவியம் ஆகும்?
– வாசகர், மதுரை

முகம் சுளிக்க வைக்கும் என்று தெரிந்தேதான் வரைந்திருக்கிறார். பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: 1975-இல் வரைந்த இதில் வாஷிங்டன் நிற்கும் இடத்தில் நிற்பவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, வேர்க்கடலை ஆராய்ச்சியால் பெயர் பெற்ற வேளாண் விஞ்ஞானி. படகில் மற்றவர்கள்? பேஞ்சோ வாசிப்பவன், சமையல்காரர், சாராயம் குடிப்பவன், மீன் பிடிப்பவன். கருப்பர் என்றால் வெள்ளைக்காரர்களின் விளம்பரங்களும் மேடை நாடகங்களும் காட்டிய அதே பல்லிளிக்கும் பொம்மைகள். வரைந்த கோல்ஸ்காட்டும் கருப்பினத்தவர்தான்.

தலைப்பின் பின்பாதியைப் பார்க்க வேண்டும்: 'அமெரிக்க வரலாற்றுப் பாடநூலிலிருந்து ஒரு பக்கம்'. நாட்டின் 200-ஆவது பிறந்தநாள் அடுத்த வருஷம் வரப்போகிறது. பாடநூலில் கருப்பினத்தவர் என்று தேடினால் கார்வர் ஒருவர் பெயர் கிடைக்கும். ஒரு நல்ல பிள்ளை. மீதிப் பேர்? மேலே சொன்ன பொம்மைகள்தான். "உங்கள் புத்தகத்தில் எங்களுக்கு இருக்கும் இடம் இதுதான், அப்படியே படகில் ஏற்றிவிட்டேன்" என்கிறார்.

நான் பள்ளிக்கூடச் சுவரில் கட்டம் போட்டு, எனாமல் பெயின்டில் தலைவர்கள் படம் வரைந்தே வயசானவன். ஆண்டுவிழாவுக்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் "முகத்தைக் கொஞ்சம் பளிச்சென்று போடுங்கள் மாஸ்டர்" என்பார்கள். பத்து வருஷத்தில் எல்லாத் தலைவர்களும் ஒரு சுற்று சிவந்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கோல்ஸ்காட் அந்தத் தூரிகையை எதிர்ப்பக்கமாகப் பிடித்தார்.

உங்கள் சங்கடம் தப்பு என்று சொல்ல மாட்டேன். சிரித்துவிட்டு, எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று உறுத்தாவிட்டால் அந்தப் படம் தோற்றது. அந்த ஆபத்து அதில் இருக்கத்தான் செய்கிறது.

அது என்ன விலைக்குப் போயிருக்கும்?
– அதே வாசகர்

2021 ஏலத்தில் 1 கோடியே 53 லட்சம் டாலர். அதுவரை அவர் ஓவியம் எதுவும் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தொட்டதில்லை. அவர் இறந்தது 2009-இல்.

வாஷிங்டன் விடுதலை வீரரா, அடிமை வைத்திருந்தவரா? ஒரே பதில் சொல்லுங்கள்.
– வாசகர், ஈரோடு

இரண்டும். ஒரே பதில் அதுதான் தம்பி. 1799-இல் அவர் இறந்தபோது மவுன்ட் வெர்னான் பண்ணையில் அடிமைகள் 317 பேர். அதில் 123 பேர் அவருடைய சொந்த உடைமை. அவர்களை மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்க உயில் எழுதினார். உடனடியாக விடுதலை கிடைத்தது ஒரே ஒருவருக்கு: போர் முழுக்க அவர் கூடவே இருந்த வில்லியம் லீ.

டைட்டஸ் கஃபார் என்ற ஓவியர் 2016-இல் இதை வைத்து ஒரு படம் செய்தார். குதிரை மேல் வாஷிங்டன், பழைய பாணியில் மிக நேர்த்தியாக. முகத்திலிருந்து கீழே வரை துருப்பிடித்த ஆணிகள் அடித்து, அவற்றில் கேன்வாஸ் கீற்றுகளைத் தொங்கவிட்டிருக்கிறார். கீற்றுகளில் இருப்பது அவர் வைத்திருந்த அடிமைகளின் பெயர்கள். வாஷிங்டனை அழிக்கவில்லை, கவனியுங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பெயர்களை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதைப் பற்றி ஒன்றும் வரையவில்லையா?
– ஆசிரியை, ஊட்டி

கென்ட் மங்க்மன் வரைந்திருக்கிறார். கனடாவைச் சேர்ந்த கிரீ இனத்தவர். 2019-இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமே கேட்டு, நுழைவு மண்டபத்தில் அவருடைய இரண்டு பெரிய படங்களை மாட்டியது. ஒவ்வொன்றும் 22 அடி அகலம். இரண்டாவதில் லாய்ட்சேயின் அதே படகு. வாஷிங்டன் இடத்தில் 'மிஸ் சீஃப்' என்று அவர் படங்களில் அடிக்கடி வரும் ஒரு பாத்திரம், கையில் கழுகு இறகோடு. படகுக்காரர்கள் பூர்வகுடிகள், தண்ணீரில் தத்தளிப்பவர்களைத் தூக்கிக் காப்பாற்றுகிறார்கள். எண்ணம் பிரமாதம். படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. புராணத்தைக் கேள்வி கேட்க அதே அளவில் இன்னொரு புராணம் வேண்டுமா என்று தோன்றியது. ஒரே நாயகர், அதே வெளிச்சம். நீங்கள் பார்த்தால் வேறு மாதிரி தோன்றலாம்.

ரோஜர் ஷிமோமுராவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசே தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்ததே, அதில் சிறுவனாக அடைபட்டவர். 2010-இல் வாஷிங்டன் உடுப்பில் தன்னையே நிறுத்தி, சுற்றிலும் சாமுராய்களை உட்காரவைத்து அதே படகை வரைந்தார். பார்த்ததும் சிரிப்பு வரும்.

இத்தனையிலும் உங்களுக்குப் பிடித்த படகு எது?
– பலர்

கருப்பின அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் வரைந்தது. சந்தேகமே இல்லை.

1954-இல் தொடங்கி 1956-க்குள், அமெரிக்க வரலாற்றை 30 சிறிய பலகைகளில் வரைந்தார். 60 வரையத்தான் திட்டம். ஒவ்வொன்றும் 12 அங்குலம், 16 அங்குலம். பள்ளிக்கூட டிராயிங் நோட்டை விரித்த அளவுதான் இருக்கும். பத்தாவது பலகை அந்த ஆறு. மூன்று படகுகள். போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் உருவங்கள். கூரிய அலைகள். வாஷிங்டன் எங்கே என்று தேடுங்கள், கிடைக்க மாட்டார். படத்துக்குத் தலைப்பு, அன்று கூட இருந்த ஒரு அதிகாரி இரண்டு நாள் கழித்து எழுதிய கடிதத்தின் வரிகள்: கடுங்குளிர், ஆனாலும் ஆட்கள் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் தாங்கினார்கள் என்று. அந்த ஆட்களைத்தான் லாரன்ஸ் வரைந்தார். 2,400 பேர் கடந்தார்கள். மாசச்சூசெட்ஸ் மீனவர்கள் நிறைந்த படைப்பிரிவுதான் துடுப்புப் போட்டது, அதில் கருப்பினத்தவரும் பூர்வகுடிகளும் இருந்தார்கள். நாகப்பட்டினத்து நண்பர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இதே வரிசையில் ஐந்தாவது பலகைக்குத் தலைப்பு 1773-இல் அடிமைகள் கொடுத்த மனு: "எங்களுக்குச் சொத்து இல்லை, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஊர் இல்லை, நாடு இல்லை" என்று போகும்.

முப்பதையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வாங்கியவர் தனித்தனியாக விற்றுவிட்டார், சில காணாமலே போயின. 2020-இல் மெட்ரோபாலிடனில் கிடைத்தவற்றை மட்டும் வைத்துக் கண்காட்சி நடந்தது. பார்க்க வந்த ஒருவருக்கு, பக்கத்து வீட்டில் இதே மாதிரி ஒரு படம் தொங்குவது ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் பதினாறாவது பலகை! 1960-இல் ஒரு கிறிஸ்துமஸ் தர்ம ஏலத்தில் சொற்ப விலைக்கு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் இருப்பது, கடனில் மூழ்கிய விவசாயிகள் விடுதலைக்குப் பத்து வருஷத்திலேயே புதிய அரசை எதிர்த்து எழுந்த ஷேஸ் கிளர்ச்சி. அடுத்த வருஷமே இன்னொரு பலகையும் அதே நகரில் ஒரு வீட்டில் அகப்பட்டது.

நம் நாட்டில் இப்படி யாரும் இல்லையா?
– வாசகர், கோவை

இருக்கிறார்கள், தனி இதழே வேண்டும். இப்போதைக்கு இரண்டு பேர். வங்கத்தில் 1943 பஞ்சத்தை நடந்தே போய்க் கருமையில் வரைந்த சித்தபிரசாத். அந்தத் தொகுப்பை அன்றைய பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி எரித்தது. அடுத்து நாக்பூரைச் சேர்ந்த சவி சாவர்க்கர். தீண்டாமையையும் தேவதாசி முறையையும் கூச்சமில்லாமல் வரைந்த தலித் ஓவியர். படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் படங்களைக் காட்ட விரும்புகிறேன். எங்கே கிடைக்கும், எப்படிக் காட்டலாம்?
– ஓவிய ஆசிரியை, விழுப்புரம்

லாய்ட்சேயின் படம் மெட்ரோபாலிடன் இணையதளத்தில் இலவசம். பெரிய கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம், அச்சிடவும் தடையில்லை. ஏ3-இல் கலர் பிரின்ட் எடுத்தால் வகுப்புக்குப் போதும். மற்றவை பெரும்பாலும் காப்புரிமையில் இருப்பதால் புரொஜெக்டரில் காட்டுவதோடு நிறுத்துங்கள். முதலில் தலைப்பையும் கதையையும் சொல்லாதீர்கள் அம்மா. வாஷிங்டன் உருவத்தை மட்டும் ஒரு வெள்ளைத்தாள் வைத்து மறைத்துவிட்டு, மீதி ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அப்புறம் தாளை எடுங்கள். அதற்குமேல் லாரன்ஸ் படத்தைப் போட்டால் போதும், நீங்கள் பேச வேண்டியிருக்காது. கோல்ஸ்காட் வேண்டாம், பதினோராம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எழுதியதில் நல்லதாக நாலைந்தை எனக்கு அனுப்பினால் இந்தப் பகுதியில் போடச் சொல்கிறேன்.